ஆழமாக ஊன்றிய நாற்று

கூலித் தகராறு ஓயாத வருஷங்கள் அவை. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் சுவருக்குச் சுவர் கட்சிச் சின்னம், வயலுக்கு வயல் சண்டை. அந்த நேரம் பார்த்துத்தான், சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குடும்பம் வாய்க்கால் கரையில் வந்து குடிசை போட்டது. சும்மா விட்டால் பண்ணையார் அவர்களைக் குறைந்த கூலிக்கு இறக்கி எங்கள் வாயில் மண்ணைப் போடுவார் என்று சங்கத்தில் பேசி, அந்தக் குடும்பத்து இளம்பெண்ணை எங்கள் நடவுக் கூட்டத்தில் சேர்த்தார்கள். வேலை பழக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

எங்கள் கூட்டத்தில் முதல் முடியை, அதாவது முதல் கட்டு நாற்றை, வயலில் ஊன்றுவது நான்தான். கைராசிக்காரி என்று பெயர். எனக்கென்று இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

அவளோ கொழுந்து கிள்ளிய கை. இரண்டே நாளில் நாற்றைப் பிரிக்கிற வேகம் என்னையே தாண்டிவிட்டது. பெண்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "அடியாத்தி, என்னா கைடீ இது! அடுத்த வருஷம் மொத முடி ஒனக்குத்தான்" என்றாள் ஒருத்தி. என் வீட்டுக்காரர் வேறு, சோறு தின்கிறபோது, "அந்தப் புள்ள நடவப் பாத்தியா?" என்றார். பார்க்காமலா இருப்பேன்? வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் அவளிடம் சொன்னேன்: "நம்ம மண்ணுல நல்லா ஆழமா ஊனணும் தங்கச்சி. மேலாக்க வச்சா மெதந்துடும்."

ஆழமாக ஊன்றினால் நாற்று தூர் கட்டாது, பக்கக் கிளைப்பு வராமல் ஒற்றையாகவே நிற்கும். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆளுக்கொரு பத்தி பிரித்துக்கொண்டு நடுவோம். மூன்று வாரத்தில் எல்லார் பத்தியும் தூர் கட்டிச் செழித்தது. அன்று அவள் நட்ட பத்தி மட்டும் ஒற்றை ஒற்றையாக மஞ்சளடித்து நின்றது. பண்ணைக் காரியக்காரர் வரப்பில் நின்று கத்தினார். "யாரு இவளுக்குப் பழக்குனது?"

நான் குனிந்து களை பறிக்கத் தொடங்கினேன்.

"யாரும் இல்லீங்க. நானாத்தான் அப்படி வச்சிட்டேன்" என்றாள் அவள்.

"நாளைலேர்ந்து வயல்ல கால வைக்காத."

அவர் போன பிறகு அவளைப் பிடித்து நிறுத்தினேன். "ஏன் எம் பேரச் சொல்லல?"

"நட்ட அன்னைக்கே தெரியும்க்கா. நீங்க ஊனுன ஆழத்தப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா மாத்தல?"

"மாத்துனா நீங்க என்கூடப் பேசமாட்டீங்களே. இந்த ஊர்ல என்னைய தங்கச்சின்னு கூப்பிட்டது நீங்க ஒரு ஆள்தான்."

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. நேரே போய்க் காரியக்காரரிடமும் கூட்டத்திடமும் உண்மையைச் சொன்னேன். பெண்கள் காறித் துப்பாத குறைதான். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. என் கைராசி அன்றோடு போயிற்று.

அடுத்த வருஷ நடவில் முதல் முடியை அவள் கையில் கொடுத்தது நான்தான். பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொடுக்கும்போதும் வயிறு எரிந்தது. அவள் வாங்கிக்கொண்டு, நான் ஊன்றுகிற அதே ஆழத்தில் ஊன்றினாள்.