ரோஸ்லின் அக்காவின் காலிக் கூடை

என் மூத்த பேரனுக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. பெரிய பேத்தி பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு. திருச்சியில் இருக்கும் சின்னவள் மாலா, பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவது. கோப்பையோடு நிற்கும் போட்டோ வந்திருந்தது. அதைக் காய்ச்சலில் படுத்திருந்த ரோஸ்லின் அக்காவிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளக் கிளம்பியபோதுதான் அவர் மகன் வந்தார். "காய்ச்சல் இறங்கவே இல்ல ஆன்ட்டி. அம்மா போயிட்டாங்க."

அக்காவை டிரில் டீச்சராகத் தாம்பரத்தில் பலருக்கும் தெரியும். எனக்கு அடுத்த வீடு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சர்க்கரை குறையாவிட்டால் தினம் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதெல்லாம் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சி, நிறம் பார்க்க வேண்டும். மருமகளுக்குத் தெரியாமல் அக்கா வீட்டில்தான் காய்ச்சுவேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறமானால் மிக அதிகம். எனக்கு எப்போதும் செங்கல் நிறம்.

"தண்ணி இறைக்கறேன், மாவாட்டறேன், மார்க்கெட்டுக்கு நடக்கறேன். இதுக்கு மேல என்னக்கா?"

"அதெல்லாம் உன் உடம்புக்குப் பழகிப்போச்சு ராஜம். கொஞ்சம் மூச்சு வாங்கணும்."

அக்கா வழி சொன்னார்: ஒரு விளக்குக் கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை, மறுபடி ஓட்டம். புடவையோடு ஓடினால் தெரு சிரிக்கும் என்று அழுதேன். மறுநாள் விடிகாலையில் இரண்டு காலி ஒயர் கூடைகளோடு வந்தார். "கூடையோட ஓடினா ரயிலுக்குப் போறோம்னு நெனச்சுப்பாங்க. வா."

அப்படியே நினைத்தார்கள். ஒருநாள் ரயில்வே வேலி ஓரம் ஓடிவந்த எங்களுக்காக ஸ்டேஷனில் ரயில் கார்டு வண்டியையே நிறுத்தி வைத்தார். கம்பம் வந்ததும் அக்கா வழக்கம்போல் நடக்க ஆரம்பித்தார்.

"இன்னாமா, வண்டி நிக்குது, ஆடி அசைஞ்சு வர்றீங்க?" என்றது ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"நீங்க போங்க சார். நாங்க சர்க்கரைக்கு ஓடறோம்."

"எந்த ரேஷன் கடைல போடறான்?"

பெட்டியே சிரித்தது. நான் கூடையால் முகத்தை மூடிக்கொண்டேன். "வியாதி யாருக்குமா?" என்று கார்டு கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். "எனக்குத்தான்" என்றார்.

அன்றிலிருந்து தெருவுக்கு அவர்தான் சர்க்கரைக்காரி. தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு மட்டும் காரம் போகும். மைசூர்பாகு என்றால் உயிர் அவருக்கு. நான்தான் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "நல்ல வியாதி வாங்கிக் குடுத்தே போ" என்று சிரித்தபடி சாப்பிடுவார். சில மாதங்களில் எனக்குச் செங்கல் நிறம் பச்சையாகி, நீலமும் ஆயிற்று. டாக்டர் ஊசிப் பேச்சை விட்டார். மாத்திரையும் ஓட்டமும் இருக்கட்டும் என்றார்.

அடக்கத்தன்று சவப்பெட்டி அருகே ஒரு அம்மாள், "பாவம், எவ்வளவு ஓடினாங்க. சர்க்கரை விட்டுதா பாரு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கூட்டத்தில் பேச வராது. அதனால் எழுதுகிறேன். சர்க்கரை எனக்குத்தான். அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அக்கா எனக்குத் தந்த அந்தக் கூடை இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று காலை அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஓடினேன்.

மாலா, உன் போட்டோவைச் சவப்பெட்டியில் அக்கா கைக்கடியில் வைத்துவிட்டேன். இன்னொன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. கோப்பை வேண்டாம், ஓடும்போது எடுத்ததாக இருக்கட்டும்.