பெருமாள் திருவடியில் வைத்த பத்திரம்

நன்றாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு முன்பெல்லாம் பயம். இப்போது இளப்பம்தான். போன ஆவணியில் எங்கள் மொட்டை மாடியில் நடந்த கூட்டம்தான் காரணம்.

ஸ்ரீரங்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடம் எங்களுடையது. கீழ்வீடு என்னுடையது. பக்கவாதம் வந்த என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருவார். படி ஏற முடியாது. நான் ஜாக்கெட் தைக்கிறேன். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாக ஒரு பில்டர் வந்தார். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டால்தான் இடிக்க முடியும்.

கூட்டத்துக்கு வந்த பில்டரின் நெற்றியில் புதுத் திருமண். பேச்சைத் தொடங்கும் முன்பே ஆளுக்கொரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். அவர் கையால் வாங்கித் தின்றுவிட்டு அவரை எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

"காலையில எழுந்ததும் பால்கனியில ராஜகோபுரம் தெரிஞ்சா யாருக்குங்க வேண்டாம்?"

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே கோபுரம் தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

"சன்ஷேடு பேந்து நம்ம பேரக்குழந்தை தலையில விழுந்தா, நாம நிம்மதியா தூங்குவோமா?"

இங்கே ஒரு செங்கல்கூட இல்லாதவர் எப்போது 'நாம' ஆனார் என்று தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் எல்லாரும் போட்டாயிற்று, இந்த வாரம் விட்டால் இந்த வாய்ப்பு கிடைக்காது என்று அடுக்கிக்கொண்டே போனார். நாலு முறை ஆடிய தலை ஐந்தாவது முறை தானாக ஆடும். அவருடைய வித்தை அவ்வளவுதான்.

பிறகு பத்திரத்தை எடுத்தார். மூலைகளில் மஞ்சள், மேலே துளசி.

"பெருமாள் திருவடியில வெச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்."

அதற்குப் பிறகு அதைப் படிப்பவன் பெருமாளையே சந்தேகப்படுகிறவன் ஆகிவிடுவான். மாடிவீட்டுப் பேராசிரியர் ஓய்வு பெற்றவர். தினமும் பேப்பரில் வரிக்கு வரி குற்றம் கண்டுபிடிப்பார். அவர் பத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் அப்படியே. இவர்களுக்குப் படிப்பு எதற்கு?

நான் பத்தாவதுதான். துளசியை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மூன்றாம் பக்கத்தில் இருந்தது: தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்துமிடம்.

"கீழ்வீடு இல்லீங்களா?"

"அக்கா, கொஞ்சம் சத்தமா!" என்றார். மறுபடி சிரிப்பு.

"எங்க வீடு எங்க வரும்?"

"மூணாவது மாடி அக்கா. ராணி மாதிரி லிஃப்ட்ல போங்க."

"கரண்ட் போனா?"

"ஜெனரேட்டர் இருக்கும்ல?"

"இதுல எழுதலையே. வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் எங்க இருக்கறதுன்னும் எழுதலையே."

"எல்லாம் ஒரு நம்பிக்கைதான் அக்கா."

அழகாகப் பேசிய ஆள் அதற்கு மேல் பேனாவை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தார். நான் பத்திரத்தைப் பாயில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

மறுநாள் பேராசிரியர் வந்தார். "ஏழு பேர் சொல்றோம். உங்களுக்கு மட்டும் என்னம்மா?"

"மூணாம் பக்கம் படிச்சீங்களா சார்?"

வாசல் நாற்காலியில் இருந்த என் கணவரைப் பார்த்தார். "லிஃப்ட் வருமே," என்றார், அந்த ஆளின் குரலிலேயே.

அவருடைய மனைவி இப்போது ஜாக்கெட்டை வேறு இடத்தில் தைக்கக் கொடுக்கிறார். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். பில்டர் மூன்று முறை ஃபோன் செய்து, "அக்கா, உங்களை மாதிரி விவரமானவங்கதான் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லணும்," என்றார். நான் பேசாமல் கேட்டுவிட்டு வைத்தேன். பேசினால்தானே தலையாட்ட வைப்பார்.

பத்திரத்தில் ஏழு கையெழுத்து இருக்கிறது. என் கணவர் சாயங்காலம் வாசலுக்கு வருகிறார்.