ஊர்க்கோயில் வாசலில் ஒரு விசாரணை

ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருந்தது, நாங்கள் காலனியில் இருந்தோம். ஆதிதிராவிடருக்கு ஒதுக்கிய உதவியாளர் வேலை அது. பள்ளியில் படிக்கும்போது வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டித்தான் சேர்ந்தேன். முட்டை வேகவைத்து, சோற்றைப் பிசைந்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட வேண்டும்.

ஊட்டிவிட்டதுதான் வினையானது. ஊர்த்தெருப் பெரியவர் ஒருவரின் பேத்தி என் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். ஒருநாள் அவர் வந்து அதைப் பார்த்தார். பிள்ளையைத் தூக்கிப்போய், தெருக்குழாயில் அவள் வாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே அழுதது.

காலனிக்காரி சோறு ஊட்டக்கூடாது என்று மனு எழுதினால் அவர்மேலேயே கேஸ் வரும். அதனால் நான் கிறிஸ்தவள் என்றும், பொய்ச் சான்றிதழில் வேலைக்கு வந்தவள் என்றும் திண்டிவனம் தாலுகா ஆபீசில் எழுதிக்கொடுத்தார். கிறிஸ்தவத்துக்குப் போய்விட்டால் அரசாங்கம் நம்மை ஆதிதிராவிடர் என்று ஒத்துக்கொள்ளாது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் சர்ச்சுக்குப் போவது உண்மைதான். என் மகன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது பக்கத்து ஊர் அக்கா ஒருவர் வந்து ஜெபம் பண்ணினார். பிள்ளை பிழைத்தான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ஞானஸ்நானம் வாங்கவில்லை. ஆடியில் காலனி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கேப்பை மாவு கரைப்பதும் நான்தான். இதில் எது உன் சாமி என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி கேட்டார். முதலில் வீட்டுச் சுவரில் என்ன சாமி படம் இருக்கிறது என்று பார்த்தார், பிறகு என் நெற்றியைப் பார்த்தார். ரெண்டு சாமியையும் கும்பிடுறேன் என்றேன். அப்படியெல்லாம் எழுத முடியாது என்றார். எங்கள் கோயில் பூசாரி எனக்காகச் சாட்சி சொல்ல வந்து நின்றார். உங்க ஆளு உனக்குத்தான் சொல்லுவாரு என்று அதிகாரி அவரை ஒதுக்கிவிட்டார்.

"ஊர்க்கோயிலுக்கு வா. உள்ள போய் சூடம் ஏத்திக் கும்பிடு. நான் கண்ணால பாத்து எழுதறேன்."

அங்கே எங்களை விடமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். கும்பிட வர்றவங்கள யார் தடுப்பாங்க என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

பிறந்ததிலிருந்து நான் போகாத வாசல் அது. கையில் சூடத்தோடு படி வரைக்கும் போனேன். மனு கொடுத்த பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

"அங்கியே நில்லு. உங்க கோயிலு அந்தாண்ட இருக்குது."

வேப்பமரத்தடியில் போட்ட நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். யாரோ அவருக்குக் கலர் சோடா வாங்கிக்கொடுத்திருந்தார்கள். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"சார், காலனிக்காரின்னுதான் இவரு தடுக்கறாரு. நான் யாருன்னு இவரே சொல்லிட்டாரே. அத எழுதிக்குங்க சார்."

"அது வேற மேட்டரும்மா. நீ உள்ள போனியா, இல்லியா?"

"போவல சார்."

அதை மட்டும் எழுதிக்கொண்டார். கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். வியர்த்த கையில் சூடம் பிசுபிசுத்தது. அதை அங்கேயே போட்டுவிட்டுவரவும் பயமாக இருந்தது.

சான்றிதழ் ரத்தானது, வேலையும் போனது. இனி என்ன பயம், ஞானஸ்நானம் வாங்கிக்கொள் என்று போதகர் சொன்னார். இப்போது வாங்கினால் மனு கொடுத்த ஆள் எழுதினது நிஜமாகிவிடும் என்று மறுத்துவிட்டேன். போதகருக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த வருஷம் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. தகப்பன் சாதிதான் பிள்ளைக்கு. ஆனாலும் என் பெயர் ஏற்கெனவே கெட்டிருந்ததால், பையன் அம்மாவோடு சர்ச்சுக்குப் போகிறானா என்று கேட்பார்கள் என எல்லோரும் பயமுறுத்தினார்கள். தாலுகா ஆபீசுக்கு நானும் கூடவே போனேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன்.

உள்ளே அதையேதான் கேட்டார்கள்.

"அவ எங்களோட இல்லீங்க," என்றார் என் வீட்டுக்காரர். "விட்டுட்டுப் போயிட்டா."

மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று அவனிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தோம். அவன் பார்க்கவில்லை.