கன்று முதலில்

1. குளிர் மைனஸ் இருபத்தாறு.
2. மாமா எல்க் ஒன்றைச் சுட்டார். கன்றை அல்ல, தாயை.
3. கன்று ஓடியது. பிறகு திரும்பி வந்தது.
4. மாமா அதைப் பார்த்துத் தமிழில் கத்தினார்.
5. பொழுது படுமுன் இன்னொரு வெடிச்சத்தம் கேட்டது.
6. வீட்டில் அம்மா ஒரு வசனம் சொன்னார். நான் அவரைத் திருத்தினேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு டிசம்பர் சனிக்கிழமை நடந்தவை இவை. முதல் ஐந்தையும் நான் அன்றைக்கே சரியாகக் கண்டேன். ஆறாவதைக் காணப் பல வருடங்கள் எடுத்தன.

மாமா அம்மாவின் தம்பி. அப்போது எங்களோடு நோர்வேயில், அம்மருட் என்ற இடத்தில், ஏழாம் மாடியில் இருந்தார். லிஃப்ட் திருத்தும் வேலை. அவரோடு வேலை செய்த ஒரு வயதான நோர்வேக்காரர் வேட்டைக்குழுவொன்றின் தலைவர். செப்டெம்பர் பிறந்தால் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் எல்க்கைத் தவிர வேறு கதை இல்லையாம். தானும் கதைக்க ஏதாவது வேண்டும் என்பதற்காகவே மாமா வேட்டைப் பரீட்சை எடுத்தார் என்று நினைக்கிறேன். எல்க் குதிரையை விட உயரமான மான். அம்மா அதை மரை என்றுதான் சொல்வார். அப்பா, "ஊரிலை ஒரு கோழியைத் துரத்திப் பிடிக்கத் தெரியாத ஆள், இஞ்சை மரை சுடப்போறார்" என்றார்.

பரீட்சைக் கேள்விகளைக் குசினியில் இருந்து வாசித்தது நான். என்னுடைய நோர்வேஜிய மொழி மாமாவினதை விடத் திறம். தாயும் கன்றும் சேர்ந்து வந்தால் முதலில் எதைச் சுட வேண்டும்? கன்றை. கன்று போன தாய் குளிர்காலத்தைத் தாண்டும். தாய் போன கன்று தாண்டாது. மாமா இந்தக் கேள்விக்கு ஒருமுறைகூடப் பிழைவிடவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, "உதென்ன சட்டமடா" என்று கேட்டார். பிறகு வெட்டுவதைத் தொடர்ந்தார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா டாக்சி ஓடப் போய்விட்டார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அதனால் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காடு எங்கள் மாடிகளிலிருந்து அரைமணி நேரம் வடக்கே, ஒரு பள்ளத்தாக்கில். குளிர் கீழே இறங்கித் தங்கிவிடும் இடம் அது. ஆளுக்கோர் இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். நாய் எல்க்கைக் கிளப்பிக்கொண்டு வரும். அந்தப் பருவத்தில் குழுவுக்கு மிச்சமிருந்த அனுமதி ஒரு தாய்க்கும் ஒரு கன்றுக்கும்.

நாங்கள் ஒரு மான்தோலை விரித்து, ஸ்ப்ரூஸ் மரமொன்றின் கீழ் இருந்தோம். என் கண்மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டின. மூக்குக்குள் ஏதோ முறிவதுபோல் இருந்தது. சொக்கிலேட்டைக் கடிக்க முடியவில்லை. தூரத்தில் மரங்கள் குளிரில் வெடித்தன. ஒவ்வொரு முறையும் நான் திடுக்கிட, மாமா காதோடு சொன்னார்: "அசையாதை பிள்ளை. மூச்சையும் கீழை விடு. கண்ணாடியிலை படக்கூடாது." துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடி மூச்சுப் பட்டால் உறைந்துவிடும்.

நாய் குரைத்தது. பிறகு அவை வந்தன. தாய் முன்னால், நெஞ்சால் பனியை உடைத்துக்கொண்டு. கன்று பின்னால், தாய் உடைத்த பாதைக்குள். வெட்டவெளிக்கு வந்ததும் இரண்டும் நின்றன. துப்பாக்கியின் வாய் கன்றின் மேல் நின்றதைக் கண்டேன். நான் காதுமூடியை அழுத்திப் பிடித்தேன். வெடி வரவில்லை. துப்பாக்கியின் வாய் மிக மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. அதன் பிறகுதான் மாமா சுட்டார்.

தாய் ஏதோ யோசிப்பதுபோல் கொஞ்சத் தூரம் நடந்து, முன்னங்கால்களை மடித்துப் படுத்தது. கன்று மரங்களுக்குள் ஓடியது. நான் மூச்சுவிடுமுன் திரும்பி வந்து, தாயின் கழுத்தில் மூக்கை வைத்தது. இப்போதாவது சுட வேண்டும். அதுவும் பரீட்சைப் புத்தகத்தில் இருந்தது. மாமா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். இடுப்பளவு பனிக்குள் விழுந்து விழுந்து ஓடி, இரண்டு கைகளையும் வீசி, "போ! போ அங்காலை! நிக்காதை, போ!" என்று கத்தினார். மாமா கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கன்று போனது. மாமா அங்கேயே நின்றார். தாயின் உடம்பிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

குழுத்தலைவர் நாயோடு வந்து, பெரிய காலடிகளுக்குள் கிடந்த சின்னக் காலடிகளைப் பார்த்தார். கன்று தாய்க்குப் பின்னால் மறைந்து நின்றதா, தெரியாமல் நடந்துவிட்டதா என்று கேட்டார். அது மாமாவுக்கு அவர் திறந்துவிட்ட கதவு என்று எனக்கே விளங்கியது. மாமா, இல்லை, வடிவாகத் தெரிந்தது என்றார். தலைவர் ஏசவில்லை. இந்தப் பனியில் கன்றுக்குப் பாதை உடைக்க யாரும் இல்லை, சாக ஒரு கிழமையோ இரண்டோ எடுக்கும் என்றார். பிறகு, தேடிப் போகத் தேவையில்லை, தாய் விழுந்த இடத்துக்கு அதுவே வரும் என்றார்.

தாயின் வயிற்றைத் திறந்து துப்புரவாக்கி, பனி ஸ்கூட்டரில் கட்டி இழுத்துப் போனார்கள். மாமாவும் கைகொடுத்தார். தலைவர் மட்டும் எங்கள் மரத்தின் கீழ் தனியே இருந்துகொண்டார். நாங்கள் காருக்குள் காத்திருந்தோம். கன்று வரக்கூடாது, வரக்கூடாது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா ஹீட்டரின் காற்றாடியை ஆகக் கூடிய இலக்கத்தில் விட்டார். குளிருக்கென்று நினைத்தேன். அந்த இரைச்சலுக்குள்ளும் வெடி கேட்டது. மாமா காற்றாடியை நிறுத்தினார்.

வீட்டில் அம்மா வேலை உடுப்போடு கதவைத் திறந்து, மாமாவின் சட்டைக் கையில் இருந்த இரத்தத்தைப் பார்த்தார். மாமா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து, நடந்ததை முழுக்கச் சொன்னார். கடைசியில்,

"அம்மா செத்தாப் பிறகு நான் இருக்கேல்லையே அக்கா? அதுவும் எப்பிடியாவது இருந்திடும் எண்டு நினைச்சிட்டன்" என்றார்.

அம்மா கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். குழாயைப் பூட்டினார்.

"உனக்கு நான் இருந்தனான். அதுக்கு ஆரடா இருந்தது?"

அம்மாவுக்கு எல்க்கைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது.

"எல்க் சிலவேளை ரெண்டு கண்டு போடும் அம்மா" என்றேன். "மற்றது எங்கையாவது இருந்திருக்கும்."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார், நெடுநேரம். அம்மா, "ஓம் பிள்ளை. போய் முகத்தைக் கழுவு" என்றார்.

மற்றவை எனக்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் வந்தன. அவர்களின் தாய் ஊரில் சண்டையின்போது ஷெல் விழுந்து இறந்தபோது மாமாவுக்கு ஐந்து வயது, அம்மாவுக்குப் பதினான்கு. அதன் பிறகு அம்மா பள்ளிக்கூடம் போகவில்லை. ஓடவேண்டி வந்த ஒவ்வொரு முறையும் மாமா அம்மாவின் இடுப்பில் இருந்தார். இது எந்தப் புத்தகத்திலும் கேள்வியாக வரவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமா இன்றைக்கும் அதே குழுவில் இருக்கிறார். துப்பாக்கி எடுப்பதில்லை, நாயோடு நடக்கிறார். போன வருடம் நானும் பரீட்சை எடுத்தேன். அந்தக் கேள்வி வந்தது. கன்றை என்று விடை கொடுத்தேன். இன்னும் ஒருமுறையும் சுடவில்லை. டிசம்பரில் எங்கள் பங்கு இறைச்சி வரும், அம்மா சரக்குத்தூள் போட்டுப் பிரட்டுவார், மாமா வந்து சாப்பிடுவார்.