தாங்கி மூடியும் சம்பந்தப் பேச்சும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனையில் பெண்ணெடுத்தபோது, மாமனார் சீதனத்தோடு ஒரு மோட்டார் சைக்கிளையும் எனக்குத் தந்தார். அது பலர் கைமாறிய ஆங்கிலேய வண்டி. பழையது என்று எவரும் சொல்லிவிடக் கூடாதென்று, வள்ளங்களுக்கு வர்ணம் பூசும் ஒருவரை அழைத்து, ஓரிடமும் விடாமல் பச்சை எனாமல் பூசுவித்திருந்தார்.

அவ்வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. புறப்படும்போது குறையேதும் தெரியாது. சில கட்டை தூரம் ஓடியதும் இழுவை குறையும். கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் ஏங்கி, இருமி, நின்றுவிடும். எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை என்பது எனக்கு விளங்கியது. தாங்கி நிறைய இருக்கும் பெற்றோல் ஏன் போதவில்லை என்பதுதான் விளங்கவில்லை. காபரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதித் துடைத்து, பெற்றோலை அளந்துவிடும் ஊசியை ஒரு படி உயர்த்தினேன். ஓடியது. மறுநாள் நின்றது. ஊசியை ஒரு படி தாழ்த்தினேன். அப்போதும் ஓடியது. எதிரெதிரான இரு மருந்துக்கும் ஒரே நோய் குணமானதைக் கண்டு நான் ஐயுற்றிருக்க வேண்டும்; மகிழ்ச்சியே அடைந்தேன்.

மச்சான் பிளக்கைச் சுரண்டினாலும் ஓடும். மாமனார் பிஸ்மி சொல்லி ஆசனத்தில் ஓர் அறை விட்டாலும் ஓடும். வைத்தியர் எவராயினும், முதற்காரியமாகத் தாங்கியின் மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தோம். அதை எவரும் வைத்தியமாகக் கருதவில்லை.

இந்நிலையில் என் மனைவியின் தங்கைக்கு அக்கரைப்பற்றில் சம்பந்தம் கூடிவந்தது. மூத்த மருமகனுக்குக் கொடுத்த வண்டியைக் காண வேண்டும், அதுபோல் ஒன்று தங்கள் மகனுக்கும் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினர். அதற்கு மாமனார் ஒரு வயலை விற்றாக வேண்டும். நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், புத்தம் புதியதாகவே கேட்பார்கள். அதற்கு இரண்டு வயல்.

"ரெண்டாவது வயல் ஒங்கட கையிலதான் கிடக்கு, மருமகன்" என்று சொல்லியவாறே அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

முன்னெச்சரிக்கையாகத் தாங்கியை விளிம்பு வரை நிரப்பியிருந்தோம். நோய் வழமையைவிட விரைவாகவே வந்தது. வழியில் காரைதீவில் நின்றது. மாமனார் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், அறைந்தார், ஓடியது. நிந்தவூரில், தேநீர்க் கடைக்கு நேர் முன்னால், மறுபடியும் நின்றது.

"காக்கா, பச்சைக் குதிரைக்குப் புல்லுப் போட்டீங்களா?" என்று மாமனாரிடம் அண்ணன் முறை கொண்டாடினார் கடைக்குள்ளிருந்த ஒருவர்.

"வயிறு முட்டத் திண்டுட்டுத்தான் நிக்கிது" என்ற மாமனார் என் பக்கம் திரும்பினார். "இனி இந்த மூடிய நான் பூட்ட மாட்டன். போங்க."

மூடியைச் சட்டைப்பைக்குள் போட்டார். என் இடுப்பின் இருபுறமும் கைகளை நீட்டி, தம் சால்வையின் ஒரு முனையால் தாங்கியின் வாயைப் பொத்திக்கொண்டார். அட்டாளைச்சேனை வந்தது, போனது. வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. பெற்றோல் மட்டும் தளும்பித் தளும்பி எங்கள் இருவரையும் நனைத்தது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியதும் மூடியை வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஊசிமுனையளவு துவாரம். அதை எனாமல் அடைத்திருந்தது. காற்று உட்புகாத தாங்கியிலிருந்து பெற்றோல் எப்படி இறங்கும்?

"மாமா, பெயின்ட்தான் காத்துப் போற ஓட்டைய அடைச்சிரிக்கி."

"மெல்லக் கதைங்க. பெயின்ட் அடிச்சதெண்டு இவங்களுக்குத் தெரியாது."

மாப்பிள்ளையின் தகப்பனார் எங்களை வரவேற்றுக் கதிரைகளில் அமர்த்தினார். அவருக்குக் கடுந்தடிமன், மூக்கடைப்பால் எங்கள் மேலிருந்த பெற்றோல் வாசனை அவரை எட்டவில்லை.

"வண்டி நல்லாத்தான் இரிக்கி, காக்கா. எங்கட மகனுக்கும் இதே மாதிரி ஒண்டு வேணும்" என்று சொல்லிக்கொண்டே, மாமனாரிடம் ஒரு சுருட்டை நீட்டித் தீக்குச்சியைக் கிழித்தார்.

மாமனார் கதிரையைத் தள்ளிவிட்டு முற்றத்துக்குப் பாய்ந்தார். நானும் பாய்ந்தேன்.

உள்ளே, திரைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் தாயாருடைய குரல் கேட்டது. "வண்டி வண்டியெண்டு நிண்டு கலியாணத்தையே குழப்பிப் போட்டீங்க. ஒங்கட மகனுக்குக் கால் இல்லியா?"

வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். "கோவிக்காதீங்க காக்கா. வண்டிக் கதைய விடுவம். வந்து இரிங்க."

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமனார் என் பாதத்தை மிதித்தார். முகத்தைக் கனக்க வைத்துக்கொண்டு தென்னை மரத்தைப் பார்த்தார்.

"முதல்ல அந்தச் சுருட்டையும் நெருப்புப் பெட்டியையும் எறிங்க. மறுகா வாறன்" என்றார்.

அம்மனிதர் இரண்டையும் வேலிக்கு அப்பால் எறிந்தார்.