கரண்டு வண்டி ததேயுஸ்

இடது கை டெஸ்லா. வலது கை ஃபெராரி. இரண்டும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, ததேயுஸின் நெஞ்சுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. "பச்சை விழுந்தாச்சு, பாத்துக்கிடுங்க" என்கிறார். இடது கை பாய்ந்து முன்கண்ணாடியில் போய் இடிக்கிறது. வலது கை இன்னும் சட்டைப் பையைத் தாண்டவில்லை. "இவன் இஞ்ச கெடந்து கத்துதான் சாரே. கியரு மாத்துதான், பொகை விடுதான். நம்ம ஆளு அங்கன போயி சாயா குடிச்சிட்டு கிளாஸையும் கழுவி வச்சாச்சு." இவ்வளவும் நடக்கும்போது எங்கள் சுமோ சுசீந்திரம் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடியுங்கள் அண்ணே என்று கெஞ்சினால், "நேர் ரோடுதானே, அது போவும்" என்று பதில் வரும்.

கொட்டாரத்திலிருந்து பத்மநாபபுரம் பக்கமுள்ள எங்கள் பள்ளிக்கு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் தினமும் அவர் வண்டியில் போகிறோம். இரண்டரை செகண்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் காரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிற இந்த மனிதர், தன் சுமோவை நாற்பதுக்கு மேல் ஓட்டி நான் பார்த்ததில்லை. மீன்பெட்டி கட்டிய மொபெட் எங்களை முந்திப் போகும். பாறை ஏற்றிய லாரி முந்திப் போகும். "கொஞ்சம் மிதிங்க அண்ணே, பிரேயர் பெல் அடிச்சிரும்" என்றால், "மிதிச்சா டீசலக் குடிக்கும் சாரே. எஞ்சினுக்க கொறையே அதாக்கும். இதுவே கரண்டு வண்டியில..." என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். பின்சீட்டில் வைகுண்டராஜன் சார் சுங்கான்கடை வரைக்கும் தூங்குவதுபோல நடிப்பார். முன்சீட்டில் மாட்டிக்கொள்கிற என்னால் நடிக்கவும் முடியாது. தலைமையாசிரியர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஏன் தினமும் தாமதம் என்று விசாரித்தார். ஃபெராரியால் என்று சொல்லவா முடியும்?

அறுபதை நெருங்கிய ஆள். வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். துபாயிலிருந்து கொண்டுவந்த அத்தர் வாசம் அவருக்கு முன்னால் வரும், போன பிறகும் சீட்டில் கிடக்கும். அங்கே ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் சந்தைக்குப் போய் வருவதும் அவர் வேலை. அரபியின் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரைக் கழுவும் வேலையும் உண்டு. ஓட்ட அனுமதி கிடையாது. அதை மறைக்கவும் மாட்டார். "ஓட்டுதவனுக்கு என்ன தெரியும்? அவனுக்கு முன்னால ரோடுதான் தெரியும். கழுவுதவனுக்காக்கும் வண்டி தெரியும்" என்பார். அவருடைய அறை அந்தக் காரின் ஷெட்டை ஒட்டியே இருந்ததாம். அரபி நினைத்த நேரத்தில் காரைக் கிளப்புவார், இவருக்குத் தூக்கம் போய்விடும். அத்தனை வருஷமும் அந்தச் சத்தம் அவர் மண்டைக்குள் இருந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பி, போனில் நெட் இலவசமாகக் கிடைத்த வருஷத்தில், சத்தமே போடாத ஒரு கார் சத்தம் போடுகிற கார்களையெல்லாம் தோற்கடிக்கிற வீடியோவை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவன் யாரென்று தெரிந்தால் நான் சும்மா விடமாட்டேன்.

அந்தக் காரை அவர் நேரில் கண்டதில்லை. ஒருநாள் எரிச்சல் தாங்காமல் அதைக் கேட்டே விட்டேன். "ஆண்டவர நீங்க கண்ணால கண்டியளா சாரே?" என்றார்.

எங்களைப் பள்ளியில் இறக்கிவிட்டபின் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொள்வார். வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போன ஒரு கல்கத்தாக் குடும்பத்தை, கோட்டை வாசலிலேயே நிறுத்தி, துபாய் இந்தியில் பாடம் நடத்தியிருக்கிறார். "ஃபெராரியில ரெண்டு பேருதான் இருக்கலாம். மாமியாள எங்க இருத்துவீரு? கரண்டு வண்டிக்கு நாலு கதவாக்கும். குடும்பம் மொத்தமும் ஏறலாம், டிக்கியில பெட்டியும் வைக்கலாம், பந்தயத்திலயும் ஜெயிக்கலாம்." அந்த மாமியார் மட்டும் தலையாட்டிக் கேட்டாராம். மற்றவர்கள் கோட்டைக்குள் ஓடிவிட்டார்கள். இதை அவரே பெருமையாகச் சொன்னார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் அவர் மகள் ஜெனிலாவின் கல்யாணப் பேச்சில் செய்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் நான்.

ஜெனிலா நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். வயது இருபத்தொன்பது. வந்த வரன்கள் ஏதேதோ காரணத்துக்குத் தட்டிப்போயின. என் மனைவியின் சொந்தக்காரர் முட்டம் செல்வதாஸுக்கு ஷிஜின் என்று ஒரு மகன், சார்ஜாவில் ஏசி மெக்கானிக், லீவில் வந்திருந்தான். பெண் பார்க்க வந்தார்கள். பையனும் பெண்ணும் கிணற்றடியில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார்கள். இருவர் முகத்தையும் பார்த்தாலே போதும், கேட்கத் தேவையில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கல்யாணமே முடிந்துவிட்டதுபோல இரண்டாவது சாயா வாங்கிக் குடித்தேன்.

எங்கள் ஜில்லாவில் பெண் வீட்டார் கார் கொடுப்பது நல்லதோ கெட்டதோ, வழக்கமாகிவிட்டது. அதைப் பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பையனின் அப்பா, "வண்டி எதுன்னு உங்க இஷ்டம்" என்பார். பெண்ணின் அப்பா ஷோரூமில் இருக்கிற ஒரு காரின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர், "எதுக்கு அவ்வளவு செலவு" என்பார். இவர், "எனக்க பிள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்ய" என்பார். அதோடு எல்லோரும் எழுந்து சாப்பிடப் போகலாம். சின்னக் குழந்தைக்குக்கூட இந்த வசனம் தெரியும்.

செல்வதாஸ் வாயைத் துடைத்துக்கொண்டு தன் வசனத்தைச் சொன்னார். ததேயுஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வண்டியக் கேட்டது நல்லதாப் போச்சு. இப்ப எந்தப் பெட்ரோல் வண்டி வாங்கினாலும் பாழு. எனக்க மோளுக்கு அந்தச் சவத்தை நான் வாங்கித் தரமாட்டேன். மூணு நாலு வருசம் பொறுங்க. கரண்டு வண்டி வரட்டும். இஞ்ச ஓடுத சின்னது இல்ல, நான் சொல்லுதது நாலு கதவு, ஃபெராரியவே அடிச்சுத் தூக்குதது" என்று தொடங்கி, பச்சை விளக்கு, கியர், பேட்டரி என்று அரைமணி நேரம் ஓடினார். அவர் மனைவி வேளாங்கண்ணி தொடையில் கிள்ளினார். நான் அவர் காலை மிதித்தேன். "கால எடுங்க சாரே" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அப்பாவின் முன்னால் பேசக்கூடாதென்று ஷிஜின் குனிந்தே இருந்தான். செல்வதாஸின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கொடுக்க மனமில்லாதவன் சாக்குச் சொல்கிறான் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். யார்தான் அப்படி எடுத்துக்கொள்ளமாட்டார்கள்? எழுந்துபோனார்கள், சாப்பிடவில்லை. பொரித்து வைத்த நெய்மீன் அப்படியே ஆறிப்போனது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் முதல் ஓலை வாசித்தால்தான், அதாவது மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஆரம்பித்தால்தான், பையனின் லீவுக்குள் கல்யாணம் முடியும். சனிக்கிழமை காலையில் செல்வதாஸ் எனக்குப் போன் செய்தார். "உம்ம ஆளுகிட்ட ஒத்த வார்த்தை கேட்டுச் சொல்லும். வண்டி உண்டா, இல்லியா? சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். குளச்சல்ல வேற எடம் நிக்குது."

நான் போனபோது ததேயுஸ் போனில் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் வீடே அதிரக் கத்தினேன். "நீங்க ஒரு மனுசனா அண்ணே? பெத்த பிள்ளையக் கரையேத்த வழியப் பாக்காம, கண்டறியாத காருக்கு வக்காலத்து வாங்கிட்டு இருக்கியளே! குளச்சல்ல பெண் பாக்கப் போறாங்க, தெரியுமா?"

அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "தரமாட்டேன்னா சொன்னேன் சாரே? நல்லத தாறேன்னுதானே சொன்னேன்? மோசமான சாதனத்த எப்படி எனக்க மோளுக்குக் கொடுக்க?" நல்லதோ மோசமோ, எந்தக் காரும் வாங்குகிற நிலையில் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதை நினைத்தாரா, நினைக்காமலிருக்கத்தான் இத்தனை பேச்சா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"நீங்களே பேசுங்க" என்று செல்வதாஸுக்கு அடித்து, ஸ்பீக்கரைப் போட்டுக் கையில் கொடுத்தேன். "உண்டுன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத பொறவு பாப்போம்" என்று காதில் ஓதினேன். தலையாட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மச்சான், வண்டி காரியம்... நீங்க அந்த வீடியோவ ஒருக்கா பாத்தியள்னா..." என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடுக்களையிலிருந்து வந்த ஜெனிலா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மாமா, நான் ஜெனிலா. எங்க அப்பாகிட்ட வண்டி கெடையாது. மூணு வருசம் கழிச்சும் இருக்காது. அவரு கதை சொல்லுதாரு, அவ்வளவுதான். நான் மட்டும்தான் வருவேன். சம்மதம்னா சொல்லுங்க. இல்லன்னா குளச்சல்லயே பாத்துக்கிடுங்க."

ததேயுஸ் தரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"மாமா, நான் ஷிஜினாக்கும். வண்டி ஒண்ணும் வேண்டாம். அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நாளைக்கு ஓலை வாசிக்கணும்னு பங்குச் சாமியார்கிட்ட சொல்லிருங்க."

வேளாங்கண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆனா மாமா, அண்ணைக்கே கேக்கணும்னு நெனச்சேன். கரண்டு வண்டி ஒத்த ஓட்டத்துக்குத்தான் ஒதவும். பந்தய ரோட்டுல நாலு சுத்து விட்டா பேட்டரி சூடாயி வேகம் போயிப் பம்மிரும். ஃபெராரி அப்பவும் ஓடிட்டே இருக்கும். இதுக்கு என்ன சொல்லுதிய?"

கடவுளே, இவனுமா என்று நினைத்தேன். ததேயுஸின் முகத்தில் ரத்தம் பாய்ந்தது. இத்தனை நாளில் வண்டி விஷயம் தெரிந்து அவரிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. விடியும்வரை பேச அவரிடம் பதில் இருந்தது. வாயைத் திறந்தார். போனைப் பிடித்தபடி ஜெனிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரை அணைத்தார். மகளின் கையைப் பிடித்து, போனை அவள் காதோடு சேர்த்து வைத்தார். மனைவியை முன்னால் தள்ளி, என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.