ஊஃபர் உட்கார்ந்த நாற்காலி

வெல்டருக்குத் தன் அக்கா புருஷன்மேல் பல வருஷமாக ஒரு மனத்தாங்கல். வீட்டுக்குள் கால் வைத்ததும் மாமா நேராகப் போய் வெல்டருடைய நாற்காலியில்தான் உட்காருவார். நாள் முழுக்கக் குனிந்து கம்பி ஒட்டிவிட்டு வருகிறவருக்குச் சொந்தம் கொண்டாட அந்த ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் குந்தி, கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுவிட்டு, "பேஸ் சரியில்ல மாப்ள, அடிச்சத்தமே எடுபடல" என்று வேறு சொல்வார். வெல்டர் வீம்புக்கு அவரை ஸ்பீக்கர் பெட்டியைத் தொட விட்டதில்லை.

சொல்ல மாமாவுக்குத் தகுதி இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடையில் பெட்டி தூக்கி, ஒயர் சுற்றி மேலே வந்தவர். இப்போது வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் மாட்டித் தருகிறார். எங்கே போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுச் சுவரையும் தட்டி, "பூச்சு விட்டுப்போச்சு" என்றார். மாமனார் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த முறை அவரைக் கூப்பிட்டதே வெல்டர்தான். மூலையில் இருந்த ஊஃபர், அந்த அடிச்சத்தப் பெட்டி, சமையலறைத் தட்டுகளைக் கிடுகிடுக்க வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் கையால் சுவரில் இடித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பெட்டி பரணுக்குப் போகும் என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். வெல்டருக்கோ நாற்காலியில் உட்கார்ந்தால் அடிச்சத்தமே காதில் விழாது. பேஸ் திருகைக் கூட்டுவார். தட்டு ஆடும். அவள் பொய் சொல்கிறாள் என்று இவர், இவருக்குக் காது போச்சு என்று அவள்.

மாமா வந்தார். அதிசயமாக நாற்காலியில் உட்காரவில்லை. ஊஃபரைத் தூக்கி அதில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டார்.

"மாப்ள, முட்டி போடு."

"எதுக்கு?"

"சுவரோரமா தவழ்ந்து போ. எங்க முழுசா கேக்குதோ அங்க நில்லு. பெட்டிய அங்க வச்சா நாற்காலிக்கும் அதே மாதிரி கேக்கும்."

தொப்பை தரையைக் கூட்ட, வெல்டர் தவழ்ந்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூலையில் காலி டிரம்மை உருட்டின மாதிரி ஒரே கடமுடா. டிவிக்குக் கீழே சப்பென்று இருந்தது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் சத்தம் வந்து வயிற்றில் இதமாக இறங்கியது. நின்றுவிட்டார். மாமா அங்கே சாக்பீஸால் கோடு கிழித்து, ஊஃபரை இறக்கி வைத்து, பேஸ் திருகைப் பாதிக்கும் கீழே குறைத்தார்.

வெல்டர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். சத்தம் நெஞ்சுக்குள் நடந்து போனது. ஒரு தட்டும் ஆடவில்லை என்று மனைவி வந்து சொன்னாள்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல," என்றார் மாமா. "மூலையில குவிஞ்ச சத்தம் சமையக்கட்டுப் பக்கம் போயிருக்கு. நாற்காலிக்கு வரவே இல்ல."

"அப்ப நான் செவிடன் இல்ல."

"அதுல எனக்கு இன்னும் சந்தேகந்தான்," என்றாள் மனைவி.

வெல்டருக்கு வாயெல்லாம் பல். பேச்சுவாக்கில், உங்க வீட்டில் ஊஃபரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். மாமா சிரித்து மழுப்பினார். அக்கா ராத்திரி டியூட்டி நர்ஸ், பகலெல்லாம் தூங்குவாள். ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர் மாட்டுகிறவர் தன் வீட்டில் சத்தத்தை அணைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படித்தே படம் பார்க்கிறார். வெல்டருக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். மாமா வந்ததும் நாற்காலியைப் பிடிப்பதோடு சேர்த்து யோசித்ததில்லை.

மாமா சாமான்களைப் பைக்குள் போட்டார். வாசல் பக்கம் போகாமல் நாற்காலி அருகிலேயே நின்றார்.

"மாப்ள, கொஞ்சம் எந்திரி. ஒரே ஒரு பாட்டு கேட்டுட்டுப் போறேன்."